அத்தியாயம் 6: ‘நடக்குமா?’ என்று கேட்காதீர்கள் – இணையவழி வாசகர் வட்டத்தில் அறிவியல் சிறுகதை

அறிவியல் கதை பேசக் கூடும் கூட்டம் பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்திலேயே தடம் மாறிவிடும். காரணம் ஒரே ஒரு கேள்வி: “இதெல்லாம் நடக்குமா சார்?” இயற்பியல் படித்தவர் ஒருவர் பதில் சொல்லத் தொடங்குவார். இன்னொருவர் யூடியூபில் பார்த்ததைச் சொல்லி அவரை மறுப்பார். ஒளியின் வேகம், கருந்துளை, எலான் மஸ்க் என்று பேச்சு ஓடும். ஒரு மணி நேரம் முடியும்போது கதையின் நாயகி பெயர்கூட யாருக்கும் நினைவிருக்காது.

இந்த அத்தியாயம் சொல்ல வருவது ஒன்றுதான். அந்தக் கேள்வியை ‘நடந்தால் என்ன ஆகும்?’ என்று மாற்றிக் கேளுங்கள். கார் வரும் என்று சொல்வதைவிட, கார் வந்தால் நெரிசலும் வரும் என்று சொல்வதே நல்ல அறிவியல் கதையின் வேலை என்றொரு கருத்து, அமெரிக்க எழுத்தாளர் ஃபிரெடரிக் போல் பெயரால் வழங்குகிறது. மதுரைத் திருநகர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பறக்கும் கார் வருமா என்பது இஞ்சினியர் கவலை. வந்தால் கப்பலூர் டோல்கேட்டை வானத்தில் எந்த உயரத்தில் வைப்பார்கள், அப்போதும் உள்ளூர் வண்டிக்குச் சலுகை கேட்டுப் போராட வேண்டியிருக்குமா என்பது நம் கவலை. கதை இரண்டாவது கவலையிலிருந்துதான் தொடங்குகிறது.

ஏன் சிறுகதை, ஏன் இணையம்

திருநகரும் பக்கத்து ஹார்விபட்டியும் 2011இல் மதுரை மாநகராட்சியோடு சேரும்வரை தனித்தனிப் பேரூராட்சிகள். ஹார்விபட்டி, மதுரா மில் தொழிலாளர்களுக்காக உருவான குடியிருப்பு. மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அரசுப் பள்ளி ஆசிரியை, தியாகராசர் பொறியியல் கல்லூரி மாணவர், சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் மகன், மகள் என்று பலதரப்பட்டவர்கள் இங்கே ஒரே வாசகர் வட்டத்துக்குள் வர முடியும். ஆனால் இவர்கள் எல்லோரையும் மூன்றாவது ஸ்டாப்பில் ஒரு மாடி அறையில் கூட்டுவது நடக்காத காரியம். கைபேசித் திரையில் கூட்டிவிடலாம்.

இணையத்தில் தமிழர்கள் கதை பேசுவது புதிதும் அல்ல. 2000களின் தொடக்கத்திலேயே ‘அம்பலம்’ இணைய இதழில் சுஜாதா வாசகர்களோடு தட்டச்சு அரட்டை நடத்தியிருக்கிறார். இன்று வசதிகள் கூடியிருக்கின்றன. கவனம் சிதறும் வழிகளும் அதே அளவு கூடியிருக்கின்றன.

அதனால்தான் சிறுகதை. நாவல் என்றால் ‘இன்னும் முடிக்கல’ என்ற பதிலில் மூன்று மாதம் போய்விடும். பத்துப் பக்கக் கதையை டவுன் பஸ்ஸில் பெரியார் நிலையம் போய்ச் சேர்வதற்குள் படித்துவிடலாம். வேண்டுமானால் திரும்பும்போது இரண்டாம் முறையும் படிக்கலாம். அறிவியல் சிறுகதைக்கு இந்த இரண்டாம் வாசிப்பு மிக முக்கியம். ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.

கதை தேர்வு: முதல் ஆறு மாதம்

மூன்று அளவுகோல்கள் போதும். கதை முப்பது பக்கத்துக்குள் இருக்க வேண்டும். அதில் மாறியிருக்கும் விஷயத்தை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். படித்த இருவர் இரண்டு விதமாக முடிவெடுக்க இடம் இருக்க வேண்டும். மூன்றாவது இல்லாத கதையைப் பாராட்டலாம், பேச முடியாது.

தொடங்குபவர்களுக்கு ஒரு வரிசை:

1. ஐசக் அசிமோவின் ‘தி ஃபன் தே ஹேட்’ (1951). மூன்று நான்கு பக்கம்தான். என்சிஇஆர்டியின் ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூல் ‘பீஹைவ்’வில் பல ஆண்டுகள் இருந்ததால், வீட்டில் யாராவது ஒருவர் படித்திருப்பார். பயம் தெளிய ஏற்றது.

2. ரொக்கையா சகாவத் ஹுசைனின் ‘சுல்தானாஸ் ட்ரீம்’ (1905). வங்கத்துப் பெண் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி, சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திய ‘தி இந்தியன் லேடீஸ் மேகஸின்’ இதழில் வெளிவந்த கதை. அறிவியல் கதை மேற்கிலிருந்து இறக்குமதியானது என்று சொல்பவருக்கு இதை முதலில் கொடுங்கள்.

3. சுஜாதாவின் ‘திமலா’. எதிர்காலமும் பக்தியும் ஒரே வரிசையில் நிற்கும் கதை. கோயில் நகரத்து வாசகர்கள் பேசாமல் இருக்க மாட்டார்கள்.

4. ஹெச்.ஜி. வெல்ஸின் ‘தி கன்ட்ரி ஆஃப் தி பிளைண்ட்’ (1904). பார்வையற்றவர்கள் மட்டுமே வாழும் மலைப்பள்ளத்தாக்குக்குள் பார்வையுள்ளவன் ஒருவன் வந்து விழுகிறான். 1976இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கப்பட்ட ஊர் நம் மதுரை. கண்ணைப் பற்றி நமக்குள்ள நிச்சயத்தை இந்தக் கதை அசைத்துப் பார்க்கும்.

5. ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பிலிருந்து ஒரு கதை. நம் மரபான அறிவுத்துறைகளை அறிவியல் கதையின் எல்லைக்குள் கொண்டுவரும் முயற்சி அதில் இருக்கிறது.

6. டாம் காட்வினின் ‘தி கோல்ட் ஈக்குவேஷன்ஸ்’ (1954). சண்டை வரும். ஆறாம் மாதத்துக்குள் உங்கள் குழு அதைத் தாங்கும் அளவு பழகியிருக்கும்.

இதற்கு மேல் வேண்டுமென்றால் ‘சொல்வனம்’, ‘அரூ’ போன்ற இணைய இதழ்களில் தேடுங்கள். ‘அரூ’ 2019இல் அறிவியல் சிறுகதைப் போட்டியே நடத்தியது. இணையத்திலேயே திறந்து படிக்கலாம் என்பதால் குழுவுக்கு லிங்க் அனுப்பினால் போதும்.

இங்கே ஒரு கண்டிப்பு. டெலிகிராமில் கிடைக்கும் திருட்டு பிடிஎஃப்பைக் குழுவில் போடாதீர்கள். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் காலமான பிறகு 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. ரொக்கையா காலமானது 1932, வெல்ஸ் 1946. இவர்கள் கதைகளைத் தாராளமாகப் பகிரலாம். சுஜாதா 2008இல்தான் காலமானார். அவர் கதை வேண்டுமென்றால் புத்தகம் வாங்குங்கள். நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றுக்கு விட்டாலும் சரி. தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது ஆறு மாதப் பட்டியலோடு போனால் ஒரே நடையில் வேலை முடிந்துவிடும். 2023 ஜூலையில் புது நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்தும் படிக்கலாம்.

ஆசிரியர் பெயரை மறைத்துக் கொடுங்கள்

1974இல் மராத்தி விஞ்ஞான பரிஷத் நடத்திய கதைப் போட்டிக்கு ‘கிருஷ்ண விவர்’, அதாவது கருந்துளை, என்றொரு கதை வந்தது. எழுதியவர் பெயர் நாராயண் விநாயக் ஜக்தாப். பரிசும் கிடைத்தது. பிறகுதான் அது வானியல் அறிஞர் ஜயந்த் நார்லிகர் என்று தெரிந்தது. அப்போதே அவர் நாடறிந்த விஞ்ஞானி. தன் பெயரைப் பார்த்து நடுவர்கள் முடிவெடுக்கக் கூடாது என்று, முதலெழுத்துகளைத் தலைகீழாக்கி ஒரு புனைபெயர் செய்துகொண்டார்.

இந்த உத்தியை நீங்களும் பயன்படுத்துங்கள். பகிர உரிமை உள்ள கதை என்றால் பெயரை எடுத்துவிட்டு அனுப்பி, கூட்டத்தின் கடைசியில் சொல்லுங்கள். ‘சுஜாதா எழுதினால் தப்பா இருக்குமா’ என்ற பக்தியும், ‘இவர் எழுதினாலே இப்படித்தான்’ என்ற எரிச்சலும் ஒரு மணி நேரத்துக்கு ஒதுங்கி நிற்கும். பெயர் தெரிந்த பிறகு இரண்டும் திரும்பி வரும். அதற்குள் கதையைப் பேசி முடித்திருப்பீர்கள்.

மொழிச் சிக்கலுக்கும் இங்கேயே வழி செய்ய வேண்டும். ஆங்கிலக் கதை என்றால், ஆங்கிலம் சரளமில்லாதவருக்கு அது ஒரு பூட்டிய கதவு. கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு ஒருவர் கதையைத் தமிழில் சொல்லும் நிகழ்வு ஒன்றை வையுங்கள். அரைமணி நேரம் போதும். முழுக்கதையையும் மொழிபெயர்த்துச் சுற்றுக்கு விடுவது பதிப்புரிமை உள்ள கதைக்குக் கூடாது. கதையை வாயால் சொல்வது நம் பாட்டிகள் செய்ததுதான், அதற்கு யாரும் தடை போட முடியாது.

பென்சிலோடு படியுங்கள்

முதல் வாசிப்பு கதைக்காக. முடிவு தெரியும்வரை எங்கும் நிற்க வேண்டாம், புரியாத கலைச்சொல்லைத் தேடவும் வேண்டாம்.

இரண்டாம் வாசிப்பு உலகத்துக்காக. மற்றக் கதைகளில் உலகம் நமக்கு ஏற்கெனவே தெரியும். பசுமலை என்றால் பசுமலைதான். அறிவியல் கதையில் உலகத்தையே ஆசிரியர் கட்டுகிறார்; அதுவும் போகிற போக்கில், அரை வாக்கியத்தில், ஒரு கதவு திறக்கும் விதத்தில். முதல் முறை அவை கண்ணில் படாது. இரண்டாம் முறை மூன்று இடங்களில் கோடு போடுங்கள்: இந்த உலகம் நம் உலகம் அல்ல என்று முதன்முதலில் தெரிந்த வரி, கதையில் யாரும் ஆச்சரியப்படாமல், நாம் மட்டும் ஆச்சரியப்பட்ட வரி, நம்ப முடியாத வரி. இந்த மூன்று கோடும் இல்லாமல் கூட்டத்துக்கு வருபவர் கருத்தோடு வருகிறார், கதையோடு வரவில்லை.

கூட்ட நேரமும் ஏற்பாடும்

ஞாயிறு மாலை 6.30 நல்ல நேரம். துபாயில் மாலை 5 மணி, சிங்கப்பூரில் இரவு 9 மணி, லண்டனில் பகல் சாப்பாடு முடிந்த நேரம். ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் இணைப்பு அறுந்துவிடும். கூகுள் மீட் இலவசத்தில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம். ஆகவே 55 நிமிடத்துக்குத் திட்டமிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பகலில்தான் வரும் என்றாலும், செய்தித்தாளில் ‘நாளை மின்தடை’ பட்டியலைப் பார்த்து முந்திய நாளே சார்ஜ் போட நினைவூட்டுங்கள். சித்திரைத் திருவிழா வாரத்தில் கூட்டம் வைக்கவே வைக்காதீர்கள். அழகர் ஆற்றில் இறங்கும்போது வேற்றுக்கிரகவாசியே இறங்கினாலும் மதுரையில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பெரிய முகூர்த்த நாட்களையும் தவிருங்கள்; மண்டபத்து ஸ்பீக்கரை மியூட் செய்யும் பொத்தான் இன்னும் வரவில்லை.

வாட்ஸ்அப்பில் இரண்டு குழு வையுங்கள். ஒன்றில் அட்மின் மட்டும் எழுதுவார்: கதை, தேதி, லிங்க். இன்னொன்று பேச்சுக்கு. ‘காலை வணக்கம்’ படங்கள் இரண்டிலும் வேண்டாம். கூட்டம் முடியும்வரை கதையின் முடிவை எங்கும் எழுதக்கூடாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

55 நிமிடத்தை இப்படிப் பங்கிடலாம்:

6.30–6.35: சேர்தல், மைக் சரிபார்ப்பு. வயதில் மூத்தவர்களுக்கு இயர்போன் மாட்டிவிடச் சொல்லி வீட்டிலுள்ள பிள்ளைகளிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எதிரொலி பாதி குறையும்.

6.35–6.40: ஒருவர் கதையைச் சுருக்கிச் சொல்வார். அவர் கருத்துச் சொல்லக்கூடாது.

6.40–6.58: சுற்று. ஆளுக்கு ஒன்றரை நிமிடம், பன்னிரண்டு பேர். கோடு போட்ட மூன்று வரிகளில் ஒன்றைச் சொல்லி, ஏன் என்று சொல்ல வேண்டும். குறுக்கே யாரும் பேசக்கூடாது.

6.58–7.15: திறந்த உரையாடல். நான்கு கேள்விகள் (அடுத்த பகுதியில்).

7.15–7.20: ‘நடக்குமா?’ ஐந்து நிமிடம்.

7.20–7.25: நெறியாளர் தொகுப்பு, ஆசிரியர் பெயர், அடுத்த கதை.

சுற்றில் குறுக்கிடக்கூடாது என்ற விதிக்கு ஒரு பின்னணி உண்டு. 1956இல் டேமன் நைட்டும் நண்பர்களும் அமெரிக்காவின் மில்ஃபோர்ட் என்ற சிற்றூரில் அறிவியல் கதை எழுத்தாளர்களுக்கான பட்டறை ஒன்றைத் தொடங்கினார்கள். ஒவ்வொருவராக வட்டமாகப் பேசுவது, கதையை எழுதியவர் எல்லோரும் முடிக்கும்வரை வாய் திறக்காமல் இருப்பது என்ற ஒழுங்கு அங்கிருந்து பரவி இன்று ‘மில்ஃபோர்ட் முறை’ என்றே வழங்குகிறது. வாசகர் வட்டத்துக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது முதல் பாதி. இணையக் கூட்டத்தில் சத்தமான குரலும் வேகமான நெட்டும் உள்ளவர்தான் ஜெயிப்பார். சுற்று முறை இரண்டையும் சமன் செய்கிறது. பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ந்தால் வேறொரு நாளில் இரண்டாவது குழு தொடங்குங்கள்.

நான்கு கேள்விகள்

முதல் கேள்வி: என்ன மாறியிருக்கிறது? நம் உலகத்திலிருந்து கதையின் உலகத்தைப் பிரிக்கும் ஒரே ஒரு புதுமை எது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். டார்க்கோ சுவின் என்ற விமர்சகர் 1970களில் இந்தப் புதுமையை வைத்துத்தான் அறிவியல் கதைக்கே இலக்கணம் வகுத்தார். ‘சுல்தானாஸ் ட்ரீம்’ கதைக்கு ஒருவர் ‘பெண்கள் ஆட்சி’ என்பார், இன்னொருவர் ‘சூரிய வெப்பத்தைச் சேமிக்கும் கருவி’ என்பார். எது முதல் என்று வாதம் வரட்டும். கருவி இருந்ததால் ஆட்சி வந்ததா, படிப்பு இருந்ததால் கருவி வந்ததா என்று அந்த வாதமே கதையின் நடுப்பகுதிக்குக் கொண்டுபோய்விடும்.

இரண்டாம் கேள்வி: அதன் விதி என்ன? அந்தப் புதுமையால் எது முடியும், எது முடியாது? வெல்ஸின் கதையில் பார்வையுள்ள நூனியெஸ் தான்தான் அந்தப் பள்ளத்தாக்குக்கு ராஜா என்று நினைத்துக்கொண்டு வருகிறான். அந்த ஊரின் வீடுகள், பாதைகள், வேலை நேரம் எல்லாம் பார்வை தேவைப்படாதபடி அமைந்திருக்கின்றன. அங்கே கண் ஒரு பயனும் இல்லாத உறுப்பு. விதியைப் புரிந்துகொண்டால் யார் ஊனமுற்றவர் என்ற கேள்வி தானே எழும்.

மூன்றாம் கேள்வி: அடுத்து என்ன? தியடோர் ஸ்டர்ஜன் என்ற எழுத்தாளர், அடுத்த கேள்வியைக் கேள் என்பதையே தன் முத்திரையாக வைத்திருந்தார். க்யூ என்ற எழுத்தை அம்பு ஊடுருவும் சின்னம் அது. ரொக்கையாவின் கதையில் ஒரு பல்கலைக்கழகத்துப் பெண்கள் மேகத்திலிருந்தே நேராக நீர் எடுக்கிறார்கள். மழை நின்றது, சேறு போனது. அடுத்து என்ன? மழையே இல்லையென்றால் நிலையூர்க் கண்மாயில் என்ன இருக்கும்? மடை திறக்கும் உரிமை யாருக்கு? மேகத்துக்குக் கீழே இருக்கும் ஊருக்கா, குழாயை வைத்திருப்பவருக்கா? கதை சொல்லாமல் விட்ட இந்தக் கேள்விகளைக் கேட்கும்போது வைகைப் பாசனம் பார்த்த பெரியவர்தான் குழுவிலேயே பெரிய நிபுணர் ஆகிவிடுவார். பொறியியல் மாணவர் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

நான்காம் கேள்வி: யார் விலை கொடுக்கிறார்கள்? அந்தப் புதுமையால் எல்லோரும் சுகமாக இருந்தால், சுகமில்லாத ஒருவர் கதையின் ஏதோ ஒரு மூலையில் இருப்பார். அர்சுலா லெ குவின் ‘தி ஒன்ஸ் ஹூ வாக் அவே ஃப்ரம் ஓமெலாஸ்’ (1973) கதையில் அந்த மூலையை நேராகவே காட்டினார்: ஒரு நகரம் முழுவதின் ஆனந்தமும் அடித்தள அறையில் அடைபட்ட ஒரு குழந்தையின் துயரத்தில் நிற்கிறது. ரொக்கையாவின் கதையில் ஆண்கள் வீட்டுக்குள் முடங்கிச் சமைக்கிறார்கள். ‘பாவம்’ என்று ஓர் ஆண் உறுப்பினர் சொன்னால், குழுவிலுள்ள பெண்கள் பதில் சொல்வதற்குப் போதிய நேரம் விடுங்கள். நெறியாளர் அங்கே பேசவே வேண்டாம்.

ஒரு மாதிரி உரையாடல்

அசிமோவின் கதையில் இருபத்திரண்டாம் நூற்றாண்டுச் சிறுமி மார்ஜி, வீட்டிலிருக்கும் இயந்திர ஆசிரியரிடம் தனியாகப் படிக்கிறாள். அவள் நண்பன் டாமி, பழைய காகிதப் புத்தகம் ஒன்றைக் கண்டெடுக்கிறான். அதில் அந்தக் காலத்துப் பள்ளிக்கூடம் பற்றி இருக்கிறது. ‘இயந்திரக் கல்வி மோசம், பள்ளிக்கூடமே நல்லது’ என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டால் கூட்டம் படுத்துவிடும். பேச்சு இப்படிப் போகலாம்:

நெறியாளர்: மார்ஜிக்கு எதுமேல எரிச்சல்? மெஷின் மேலயா, பாடம் மேலயா?

மாணவர்: மெஷினே போர் அண்ணே. லாக்டவுன்ல எங்களுக்கும் அதே கதைதான். கேமராவ ஆஃப் பண்ணிட்டுத் தூங்கிருவோம்.

நெறியாளர்: லாக்டவுனுக்கு அப்புறம் வருவோம் தம்பி. கதையில அந்த எரிச்சல் எந்த இடத்துல தெரியுது?

மாணவர்: வீட்டுப்பாடத்தை ஒரு ஓட்டைக்குள்ள போடணும்ல, அந்த இடம். அதைத்தான் அவ ரொம்ப வெறுக்கிறா.

ஆசிரியை: நான் கோடு போட்டது வேற இடம். புவியியல்ல பிள்ளைக்கு மார்க் குறைஞ்சுக்கிட்டே போகுது. இன்ஸ்பெக்டர் வர்றாரு. பிள்ளை மேல தப்பில்லைன்னு அம்மாகிட்டச் சொல்லிட்டு, மெஷினோட வேகத்தைக் குறைச்சு வச்சிட்டுப் போறாரு. என் முப்பது வருஷ சர்வீஸ்ல, பாடத்தை மெதுவா நடத்துங்கன்னு எந்த இன்ஸ்பெக்டரும் சொன்னதில்ல.

மாணவர்: அப்ப மெஷின்தான் நல்லதுங்கிறீங்களா டீச்சர்? பழைய பள்ளிக்கூடம் ஜாலியா இருந்திருக்கும்னுதானே கதை முடியுது?

ஆசிரியை: முடியுறது மார்ஜியோட நினைப்புல. அவ அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனதே இல்லையேப்பா.

நெறியாளர் இங்கே செய்த வேலை ஒன்றே ஒன்று: சொந்த அனுபவத்துக்குப் போன பேச்சைக் கதையின் வரிக்கு இழுத்து வந்தார். அனுபவத்தைத் தடுக்கவில்லை, தள்ளிப்போட்டார். கல்வித் தொலைக்காட்சி, ஒரே போனை மூன்று பிள்ளைகள் பங்குபோட்டது எல்லாம் இதற்குப் பிறகு வந்தால், அவை கதையோடு சேர்ந்து வரும்.

வழக்கமாக வரும் சிக்கல்கள்

எல்லாம் தெரிந்தவர். ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார். அவருக்கு அறிவியல் உண்மையிலேயே தெரியும். அவரை அடக்காதீர்கள், வேலை கொடுங்கள். ‘நடக்குமா?’ ஐந்து நிமிடம் அவருடையது. கதையில் எது இன்றைய அறிவியல், எது ஆசிரியரின் ஊகம் என்று இரண்டு பட்டியலாகச் சொல்ல வேண்டும். தயாரித்து வர வேண்டியிருப்பதால் மற்ற நேரத்தில் அவரே அமைதியாகிவிடுவார்.

‘நம்ம முன்னோர் அப்பவே கண்டுபிடிச்சுட்டாங்க.’ புஷ்பக விமானம் கட்டாயம் வரும். மறுத்தால் சண்டை, ஆமோதித்தால் கதை போய்விடும். அதையும் கேள்வியாக்குங்கள். புஷ்பக விமானத்தில் எத்தனை பேர் ஏறினாலும் இன்னொருவருக்கு இடம் இருக்கும் என்பது வழக்கு. ‘தி கோல்ட் ஈக்குவேஷன்ஸ்’ கதையின் விண்கலத்தில் இன்னொருவருக்கு இடமே இல்லை. தன் அண்ணனைப் பார்க்க ஒளிந்து ஏறிய பெண்ணின் எடையை அந்தக் கலத்தின் எரிபொருள் தாங்காது. இரண்டு கற்பனைக்கும் பின்னால் எந்தச் சமூகம், எந்த பயம் இருக்கிறது என்று கேட்டால் பேச்சு கதைக்குத் திரும்பிவிடும்.

‘இயற்கை விதி, என்ன செய்ய முடியும்?’ இதே கதையில் பாதிப் பேர் இங்கே நின்றுவிடுவார்கள். காட்வின் அந்தப் பெண்ணைக் காப்பாற்றவே முயன்றார், இதழாசிரியர் ஜான் காம்பெல்தான் கதையைத் திரும்பத் திரும்பத் திருப்பி அனுப்பி அவளைச் சாக வைத்தார் என்று ஒரு செய்தி உண்டு. அதைச் சொல்லிவிட்டு இரண்டாம் கேள்விக்குப் போங்கள். எரிபொருளும் எடையும் இயற்கையின் விதிதான். உயிர்போகும் ஆபத்துள்ள கலத்தின் வாசலில் பூட்டு இல்லாமல், உள்ளே வராதே என்று ஒரு பலகை மட்டும் தொங்குவது யாருடைய விதி? கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர் குழுவில் இருந்தால், ‘எச்சரிக்கை’ பலகையின் பெறுமதியை அவர் சொல்லட்டும்.

சினிமா. ‘எந்திரன்’ (2010) வராமல் தமிழில் ரோபோக் கதை பேச முடியாது. சுஜாதா வசனத்தில் பங்களித்த படம் வேறு. ஆளுக்கு ஒரு சினிமா உதாரணம் என்று வரம்பு வையுங்கள். ஆசை தீரவில்லை என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை படத்துக்கென்றே தனிக் கூட்டம் நடத்துங்கள். 1966இல் கல்கத்தாவில் சத்யஜித் ராய் தலைவராக இருந்து அறிவியல் படங்களுக்கென்றே ஒரு சினி கிளப் நடந்திருக்கிறது, முன்மாதிரி கௌரவமானதுதான்.

படிக்காமல் வருபவர். வரட்டும், கேட்கட்டும். சுற்றில் அவர் முறை வரும்போது ‘படிக்கல’ என்று மட்டும் சொல்ல வேண்டும். விளக்கம் வேண்டாம், வருத்தமும் வேண்டாம். திறந்த உரையாடலில் கேள்வி கேட்கலாம், தீர்ப்புச் சொல்லக்கூடாது.

பேசாதவர். எல்லோர் முன்பும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அடுத்த மாதம் வர மாட்டார். கூட்டத்துக்கு முந்திய நாள் தனியாக ஒரு வாய்ஸ் நோட் அனுப்பச் சொல்லுங்கள். அதை அவர் சம்மதத்தோடு சுற்றில் ஒலிக்க விடலாம். இரண்டு மாதத்தில் தானே மைக்கைத் திறப்பார்.

கூட்டம் முடிந்த பிறகு

அன்றிரவே ஒருவர் அரைப்பக்கக் குறிப்பு எழுத வேண்டும். யார் என்ன சொன்னார் என்பது வேண்டாம். மூன்று விஷயம் போதும்: எந்த வரியில் கருத்து பிரிந்தது, எந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை, யாராவது கருத்தை மாற்றிக்கொண்டார்களா. ஆறு மாதக் குறிப்புகளை அடுக்கிப் பார்த்தால் உங்கள் குழுவுக்கு எந்த வகைக் கதை பொருந்துகிறது என்று தெரியும். தண்ணீர்க் கதைகளில் ஒன்றரை மணி நேரம் பேசத் தயாராக இருப்பவர்கள் விண்வெளிப் போர்க் கதையில் கொட்டாவி விடலாம். அடுத்த ஆறு மாதப் பட்டியலை அந்தக் குறிப்புகள் எழுதித் தரும்.

கூட்டம் நன்றாக நடந்ததா என்று அறிய எளிய சோதனை இதுதான்: ‘நடக்குமா?’ என்ற சொல் ஐந்து நிமிடப் பகுதிக்கு வெளியே எத்தனை முறை வந்தது? முதல் கூட்டத்தில் நிறைய வரும், கவலைப்படாதீர்கள். குறைந்துகொண்டே போனால் சரியான திசையில் போகிறீர்கள்.

முதல் மாத வேலைப் பட்டியல்

முதல் வாரம்: எட்டுப் பேரைச் சேருங்கள். வயது, படிப்பு, தொழில் மூன்றிலும் கலப்பு இருக்கட்டும். எட்டுப் பேரும் மென்பொருள்காரர்களாக இருந்தால் இன்னும் இரண்டு பேருக்காகக் காத்திருப்பது நல்லது. இரண்டு வாட்ஸ்அப் குழுக்களையும் அப்போதே தொடங்குங்கள்.

இரண்டாம் வாரம்: கதை, தேதி, நேரம் அறிவியுங்கள். மூன்று கோடு விதியை விளக்கி ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள். நீளமான விதிமுறைப் பட்டியலை யாரும் படிக்க மாட்டார்கள்.

மூன்றாம் வாரம்: தமிழில் கதை சொல்லும் நிகழ்வு. மீட் லிங்க் எல்லோருக்கும் திறக்கிறதா என்று அன்றே சோதித்துவிடலாம்.

நான்காம் வாரம்: கூட்டம். நெறியாளர், சுருக்கம் சொல்பவர், ‘நடக்குமா?’ நிபுணர், குறிப்பு எழுதுபவர் என்று நான்கு பொறுப்புகளை நான்கு பேரிடம் பிரித்துக் கொடுங்கள். அடுத்த மாதம் அவை வேறு நால்வரிடம் போக வேண்டும். நெறியாளர் மாறாத குழு, ஒருவர் உரையாற்ற மற்றவர்கள் கேட்கும் சபையாகிவிடும்.

அடுத்த கதையின் பெயரையும் தேதியையும் அறிவித்த பிறகே இணைப்பைத் துண்டியுங்கள். ‘குரூப்ல அப்புறம் சொல்றோம்’ என்று முடித்த கூட்டங்கள் பெரும்பாலும் மறு மாதம் கூடுவதில்லை.